பச்சை பட்டன் அமுக்காத கொலை

விடிந்தபோது குளத்தில் பிணங்கள் மிதந்தன.

ஒன்றல்ல... இரண்டல்ல... குளம் முழுக்க!

வெள்ளை வயிறு வானத்தைப் பார்க்க, வாய் பிளந்து, கண்கள் திறந்தபடி. மீனுக்குக் கண்ணை மூடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆமாம், செத்தது மீன்கள்தான். மலேசியாவில், ஜோகூரின் கோத்தா திங்கியில் ஆற்றை ஒட்டிய முஸ்தபா பாயின் பண்ணையில், வலை போட்டு அள்ள வேண்டிய பருவத்தில் இருந்த சியாக்காப் என்கிற கொடுவா மீன்கள். மீன் செத்ததற்கெல்லாம் க்ரைம் கதையா என்று உதட்டைப் பிதுக்கும் வாசகர்கள், அதை முஸ்தபா பாயிடம் போய்ச் சொல்லிப் பார்க்கலாம். அவர் கையில் அப்போது பெரிய வலை இருந்தது. பேசுகிறவரையும் சேர்த்துச் சுருட்டியிருப்பார்.

குளத்து நடுவில் காற்றடிக்கும் சக்கரம் அசையாமல் நின்றது. அது சுழன்றால்தான் தண்ணீரில் மீனுக்கு மூச்சு. ராத்திரி ஏதோ ஒரு நேரத்தில் அது நின்றிருக்கிறது. யாரும் நிறுத்தவில்லை. அதை ஓட்டுகிற கம்ப்யூட்டர் நிறுத்தியிருக்கிறது.

முஸ்தபா பாய் போனை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் செனாயில் இன்னொரு போன் அலறியது.

ரூபினி அப்போதுதான் ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் முக்கியிருந்தாள். திரையில் முதலாளி சபாபதியின் பெயர். திங்கட்கிழமை, அதுவும் இந்த நேரத்தில், முதலாளி கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"எங்கம்மா இருக்க?"

"கடையில சார். ரொட்டி..."

"ரொட்டிய வச்சிட்டு ஆபிஸ் வா. நீ ஏத்துன புரோகிராம் மீனயெல்லாம் சாவடிச்சிருச்சு."

"நான் எதையும் ஏத்தலயே சார்?"

லைன் செத்திருந்தது.

*

செனாய் தொழிற்பேட்டையின் ஓரத்தில், டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. மீன் பண்ணைகளுக்குப் புரோகிராம் எழுதித் தருகிற சின்ன இடம். சக்கரம் எப்போது சுழல வேண்டும், தீனி எப்போது விழ வேண்டும் என்பதையெல்லாம் இங்கிருந்து எழுதி அனுப்புவார்கள். அங்கே பண்ணையில் அது தானாக நடக்கும்.

முதலாளி சபாபதி அதற்கு முன் அரசாங்க ஆபிஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் அவரை விட்டது; அவர் உத்தியோகத்தை விடவில்லை. எதை எழுதினாலும் அரசாங்கக் கடிதம் போலவே எழுதுவார். இத்துடன் முடிக்கிறேன் நன்றி என்று பொருள்படும் மலாய் வரிதான் எதற்கும் கடைசி வரி. மனைவிக்கு அனுப்பும் வாட்ஸ்அப்பில்கூட, 'வரும்போது பால் வாங்கவும். செக்கியான், தெரிமா காசி.'

ஜோகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியதையும் அவர் உடம்பு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கால் தானாக ஆபிஸ் பக்கம் நடக்கும்.

ரூபினி படியேறி வந்தபோது அவர் தன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஒரே ஒரு கணம். பிறகு மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா? ஞாயித்துக்கெழம மெர்ஜ் ஆயிருக்கு. உன் மாற்றம். உன் பேரு."

இங்கே ஒரு நிமிஷம். ஒருத்தர் தனியாக எழுதி வைத்த மாற்றத்தை, எல்லாருக்கும் பொதுவான முக்கியப் புரோகிராமோடு சேர்ப்பதற்குப் பெயர்தான் மெர்ஜ். சேர்த்த மறு நிமிஷம் அது பண்ணைக்குப் போய்விடும். அதனால்தான் சேர்க்குமுன் இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று விதி.

ரூபினி எழுதி வைத்திருந்தது ஒரு மின்சாரச் சிக்கன மாற்றம். தண்ணீரில் காற்று போதுமான அளவு இருந்தால் சக்கரம் ஓய்வெடுக்கும். பகல் கணக்கை முடித்துவிட்டாள். ராத்திரிக் கணக்கு பாக்கி. 'இன்னும் முடியவில்லை, சேர்க்க வேண்டாம்' என்று அதன் தலைப்பிலேயே எழுதியும் வைத்திருந்தாள்.

அதைத்தான் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அவள் பெயரிலேயே!

நான் செய்யவில்லை என்று அவள் சொன்னாள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார் அவர். மத்தியானம் முஸ்தபா பாய் வருகிறார். செய்தது யார் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லி, அந்த ஆளை அங்கேயே வீட்டுக்கு அனுப்பாவிட்டால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பணிநீக்கக் கடிதம் தயார். பெயர் மட்டும்தான் பாக்கி.

இதைச் சொல்லும்போது சபாபதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தார்.

இந்த வாரத்தோடு ரூபினியின் தகுதிகாண் காலம் முடிகிறது. இதற்கு முன் நாலு தெரு தள்ளி இருந்த பேக்டரியில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படித்து, கண் எரிய எரிய பரீட்சை எழுதி வாங்கிய வேலை இது. போனால் மறுபடி அந்த நீலச் சட்டையும் பேக்டரி பஸ்ஸும்தான். அதைவிட, மீனைக் கொன்றவள் என்ற பேரோடு ஜோகூரில் வேறு எந்தக் கதவைத் தட்டுவது? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க அவளுக்கு மத்தியானம் வரை நேரம் இருந்தது.

*

தன் மேசைக்கு வந்து, மாற்றங்களெல்லாம் பதிவாகும் இணையப் பக்கத்தைத் திறந்தாள். மாற்றங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வரியிலும் செய்தவர் பெயர், பக்கத்தில் வட்டமாக அவர் போட்டோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரியில் பெயர் இருந்தது. ரூபினி.

போட்டோ..?

அவளுடைய போட்டோ, புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக எடுத்தது, மற்ற வரிகளில் எல்லாம் சிரித்தது. இந்த ஒரு வரியில் மட்டும் முகமில்லாத சாம்பல் நிற உருவம்!

அந்த வரியின் கோடியில் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை. நாமும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முகம் இல்லாத பெயர்... அவளுக்குச் சந்தேகம் ஒரே ஒருவன் மேல்தான் போனது.

மகேஸ்வரன்.

அந்த ஆபிஸில் புரோகிராம் எழுதுகிற இன்னொருவன். அவன் மேசையில் மவுஸ் கிடையாது. கம்பெனி கொடுத்த மவுஸை வாலைப் பிடித்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தான், செத்த எலி மாதிரி. எல்லா வேலையும் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான். மெர்ஜ் செய்வதும் அப்படியே. ரூபினியோ இணையப் பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, மெர்ஜ் என்று எழுதிய பச்சை பட்டனை அமுக்குகிறவள். அதற்காக அவளுக்கு அவன் வைத்த பெயர், பச்சை பட்டன் ராணி. ஆபிஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வாரம் ஒரு தடவையாவது அதைச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவள் பதிலுக்கு, கரண்ட் போன வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் என்பாள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டை இருவரும் ஒரே பொட்டலத்தில்தான் பகிர்ந்துகொள்வார்கள். இந்த முரண்பாட்டைப் பற்றி டயர் கடைக்காரருக்கு ஒரு கருத்து இருந்தது.

இன்று ரூபினிக்கு விளையாட்டு மனநிலை இல்லை. நேரே போய் அவன் முன் நின்றாள்.

"நீதானே மகேஸ் செஞ்ச?"

"எத?"

"என் பேர்ல மெர்ஜ் பண்ணியே, அத. என்னைக் கிண்டல் பண்றேன்னு ஆரம்பிச்சி இப்ப மீன் செத்துக் கெடக்கு."

மகேஸ்வரனின் முகம் மாறியது. அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அப்போதுதான் வந்து கோப்பியை ஊதிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போட்டோ இல்லாததையும் சொன்னாள். அதைக் கேட்டதும் அவன் கோப்பியைக் கீழே வைத்தான்.

"பொறு. பச்சை பட்டன்ல பண்ணியிருந்தா ஒன் மூஞ்சி வந்திருக்கும். இது கறுப்புத் திரையில பண்ணது."

"அதத்தான் சொல்றேன். கறுப்புத் திரை இந்த ஆபிஸ்ல யாருக்குத் தெரியும்?"

அவன் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. மாற்றங்களின் பட்டியலை எடுக்க அவன் தனக்கென்று ஒரு குறுக்குவழி செய்து வைத்திருந்தான். ஒரு மாற்றத்துக்கு ஒரே வரி. செய்தவர் பெயர், ஈமெயில், தலைப்பு, அவ்வளவுதான். இரண்டாவது வரி படிக்க எனக்கு நேரமில்லை என்று பெருமையடிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை வரி திரையில் வந்தது.

அவன் அதைப் பார்த்தான்.

சட்டென்று திரையை அணைத்தான்!

"என்ன?" என்றாள் ரூபினி.

"ஒண்ணுமில்ல."

"மகேஸ்..."

"ஒண்ணுமில்லன்றேன்ல."

எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான். ரூபினி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. இவனா? மேசை மேல் அவளுக்காகத் தினமும் பாதி பக்கோடாவை மிச்சம் வைக்கிறவனா?

*

மத்தியானம் முஸ்தபா பாய் வந்தார். வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை சேறு. நேராகக் குளத்திலிருந்து வந்திருந்தார். கூட்டம் போடும் அறையில் உட்கார்ந்து, கொண்டுவந்து வைத்த தே தாரிக் டீயைத் தொடாமல், யார் என்று மட்டும் கேட்டார்.

சபாபதி தொண்டையைச் செருமினார். சுவரில் இருந்த பெரிய டிவியில் அந்த இணையப் பக்கம் தெரிந்தது. மேசையில் கடிதம். பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் மூடி திறந்த பேனா.

"பாய், சின்னப் பொண்ணு. வேணும்னு செய்யல. ஆனா செஞ்சது இவதான். பேரப் பாருங்க."

"நான் செய்யல பாய்," என்றாள் ரூபினி.

முஸ்தபா பாய் அவளை ஏறிட்டுப் பார்த்தார். மகள் வயது. ஆனால் அவருக்குச் செத்த மீன்களும் பிள்ளைகள் மாதிரிதான்.

சபாபதி பேனாவை எடுத்தார்.

"பேர எழுதாதீங்க சார்."

மகேஸ்வரன்! கதவோரம் நின்றிருந்தவன் தன் மடிக்கணினியோடு முன்னால் வந்தான்.

"இது ரூபினியோட கம்ப்யூட்டர்ல நடக்கல. அதோ, மூலை மெஷின்ல நடந்திருக்கு."

எல்லாரும் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார்கள். ஆபிஸ் மூலையில், ஆயர் ஈத்தாமில் வாங்கிய மண் சேவல் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. சோதனை போட்டுப் பார்க்க எல்லாரும் பயன்படுத்தும் பொது மெஷின். அதில் கம்பெனியின் பொதுச் சாவி, அதாவது எதையும் அனுமதிக்கும் ரகசியக் குறியீடு, இருந்ததால் எந்தப் பூட்டும் அதைக் கேள்வி கேட்காது. இன்னொருவர் சரி சொல்ல வேண்டும் என்ற விதியும் அதனிடம் செல்லாது.

எப்படித் தெரியும் என்று முஸ்தபா பாய் கேட்டார். அவன் சொன்னான். சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னான்.

கறுப்புத் திரை யாரையும் அடையாளம் பார்ப்பதில்லை. அந்த மெஷினில் முதலில் என்ன பெயர் தட்டி வைத்தார்களோ, அதையே எல்லா வேலைக்கும் போட்டுக்கொண்டிருக்கும். போன மாதம் ஒரு நாள், பச்சை பட்டன் ராணிக்குக் கறுப்புத் திரை பழக்குகிறேன் என்று அவளை அந்த மெஷின் முன் உட்கார வைத்தான். முதல் பாடம், பெயரும் ஈமெயிலும் தட்டுவது. பெயரை அவள் தட்டினாள். ஈமெயிலை இவன் தட்டினான், கிண்டலுக்கு. இரண்டாவது பாடத்துக்குள் அவள் போடா என்று எழுந்து போய்விட்டாள். பெயரும் ஈமெயிலும் அங்கேயே தங்கிவிட்டன.

"என்ன ஈமெயில் தட்டுன?" என்று கேட்டாள் ரூபினி.

அவன் மடிக்கணினியைத் திருப்பினான். ஞாயிற்றுக்கிழமை வரியில், அவள் பெயருக்குப் பக்கத்தில் அது இருந்தது.

பச்சை.பட்டன்.ராணி என்று ஆங்கில எழுத்தில்!

அப்படி ஒரு ஈமெயில் உலகத்தில் யாருக்கும் கிடையாது. அதனால்தான் இணையப் பக்கத்துக்கு யார் முகத்தைப் போடுவதென்று தெரியாமல் சாம்பல் உருவத்தைப் போட்டிருக்கிறது.

முதலில் வாய் திறந்தவர் சபாபதி. அவர் குரலில் திடீரென்று ஒரு தெம்பு வந்திருந்தது.

"அப்படின்னா... கறுப்புத் திரை தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தானே மகேஸ்? ஆபிஸ் சாவியும் ஒங்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கெழம எங்க இருந்த?"

"வீட்ல தூங்கிட்டு இருந்தேன்."

"சாட்சி?"

"தூங்குறதுக்கு யாரு சார் சாட்சி வைப்பா?"

சபாபதியின் பேனா மறுபடி கடிதத்தை நோக்கி இறங்கியது.

ரூபினிக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் அவன் முகம் கழுவியது இதற்குத்தான். அந்த ஈமெயிலைக் காட்டினால் அவள் பிழைப்பாள், இவன் மாட்டுவான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. தெரிந்தேதான் வந்து நின்றிருக்கிறான். இவனையா சந்தேகப்பட்டோம் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடு டிவியைப் பார்த்தாள்.

பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"சார், பேனாவ கீழ வைங்க."

"என்னம்மா இப்ப?"

"மகேஸ் பண்ண மெர்ஜ் எல்லாம் வரிசையா இருக்கு, பாருங்க. எதுலயாவது வரி கடைசியில மூணு புள்ளி இருக்கா?"

இல்லை.

"ஞாயித்துக்கெழம வரியில?"

இருந்தது. தலைப்பு முடிகிற இடத்தில் ஒரு குட்டிக் கட்டம். கட்டத்துக்குள் மூன்று புள்ளிகள்...

இணையப் பக்கத்தில் புழங்குகிறவர்களுக்கு அது பழகிய சமாச்சாரம். தலைப்புக்குக் கீழே இன்னும் எழுதியிருக்கிறது, விரும்பினால் அமுக்கிப் பார் என்று அர்த்தம். மகேஸ்வரன் தலைப்புக்கு மேல் ஒரு எழுத்து எழுதாதவன். அவன் குறுக்குவழியும் தலைப்போடு நின்றுவிடும். ஆகவே அந்தப் புள்ளிகளுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

"இவன் செஞ்சிருந்தா புள்ளி வந்திருக்காது பாய். இவனுக்குப் பொறந்த நாள் வாழ்த்தே ரெண்டு எழுத்துலதான் வரும், எச்.பி.ன்னு. இது வேற யாரோ. நெறய எழுதுற ஆளு."

மவுஸை எடுத்தாள். அம்புக்குறி டிவியில் மெதுவாக நகர்ந்தது.

சபாபதியின் நெற்றியில் வேர்வை. ஏர்கான் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அது எதுக்கும்மா இப்ப... சாப்பாட்டு நேரம் ஆச்சி... பாய் பசியோட..."

க்ளிக்!

மூன்று புள்ளிகள் விரிந்தன. உள்ளேயிருந்து வெளியே வந்தது... ஒரு கடிதம்!

மலாயில், முறையான அரசாங்க நடையில். அதன் தமிழ் இது:

'துவான் அல்லது புவான் (ஐயா அல்லது அம்மா) அவர்களுக்கு.

பொருள்: மெர்ஜ் ஏன் அவசியம்.

மேற்கண்ட விஷயம் மரியாதையுடன் சுட்டப்படுகிறது. வாடிக்கையாளர் துவான் முஸ்தபா அவர்கள் கரண்ட் பில் விஷயமாகத் தினமும் போன் செய்து ஏசுகிறபடியால் இந்த மெர்ஜ் மிகவும் அவசியம். தயவுசெய்து அனுமதிக்கவும்.'

கடைசி வரியை ரூபினி மலாயிலேயே வாசித்தாள். வாசிக்கத் தேவையே இருக்கவில்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் மனப்பாடம்.

செக்கியான், தெரிமா காசி.

யாரும் சபாபதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலே பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மகேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டான். கறுப்புத் திரையில் மெர்ஜ் செய்தால், இந்தச் சேர்க்கை ஏன் அவசியம் என்று விளக்கவும் என்று மெஷின் கேட்கும். யாரும் விளக்குவதில்லை. அப்படியே மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். உலகத்திலேயே அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுத்துப் பதில் எழுதியவர் இவராகத்தான் இருக்கும். அரசாங்க குமாஸ்தாவிடம் காரணம் கேட்டால் விடுவாரா?

"கட்டளையெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"சேவலுக்குக் கீழ ஒட்டி வச்சிருந்தியே... ரூபினிக்குன்னு... மொத இது, ரெண்டாவது இதுன்னு." சபாபதியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பாய்க்கு திங்கட்கெழம தர்றேன்னு வாக்கு குடுத்துட்டேன். யாரும் சரி சொல்லாததால பச்சை பட்டன் அமுக்க வரல, சாம்பலா இருந்துச்சி. அதான் மூலை மெஷினுக்குப் போனேன். சேர்க்க வேண்டாம்னு எழுதியிருந்தத பார்த்தேன்மா. பாதி முடிஞ்சிருச்சில்ல, பாதிக்குப் பாதி ஓடும்னு நெனச்சேன்."

பாதி ஓடியது. பகலில். மீதிப் பாதியில்தான் மீன்கள் மிதந்தன.

"சரி சார், தெரியாம செஞ்சீங்க. காலையில சொல்லியிருக்கலாமே?" என்றாள் ரூபினி. அவள் கண்ணில் நீர் நின்றது.

"பயந்துட்டேன்மா. என் பேரு வரும்னு நடுங்கிக்கிட்டே தொறந்தேன். பாத்தா ஒன் பேரு. முருகன் காப்பாத்திட்டார்னு நெனச்சேன்."

"முருகன் எனக்கும் சாமிதான் சார்."

அவர் நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்து, தானே பரிமாறியும் விட்ட மனிதர்.

முஸ்தபா பாய் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். ஒருவேளை 'தினமும் போன் செய்து ஏசுகிறபடியால்' என்ற வரியும் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தாடியைத் தடவிக்கொண்டார். ஆறிப்போன தே தாரிக்கை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"சொந்தக் கம்பெனியிலேர்ந்து ஒங்கள எப்படி அனுப்புறது? ஆளும் நீங்க, முதலாளியும் நீங்க. நான் ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா?"

சபாபதி தலையாட்டினார். அவர் கடலில் குதிக்கச் சொன்னாலும் ஆட்டியிருப்பார்.

"இனிமே என் கொளத்துக்கு எது போறதா இருந்தாலும் இந்தப் புள்ள பாத்து சரி சொல்லணும். ஒங்க மாற்றமா இருந்தாலும்தான். அந்தச் சாவிய மூலை மெஷின்லேர்ந்து எடுத்துருங்க. ஒத்துக்கிட்டா, நானும் ஏசி போன் பண்றத நிறுத்திக்கிறேன்."

சபாபதி அந்தப் பணிநீக்கக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் இன்னொரு தாள் இருந்தது. ரூபினியின் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம். அதை நீட்டும்போது முதன்முறையாக அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தார்.

"மன்னிச்சிரும்மா."

அவள் வாங்கிக்கொண்டாள். உடனே மன்னித்துவிட்டாள் என்று சொன்னால் பொய். கோபம் இன்னும் ரெண்டு மூன்று வாரத்துக்கு வரும்போல் இருந்தது. ஆனால் தாளை இரண்டு தடவை படித்து, கசங்காமல் பையில் வைத்தாள்.

*

அந்த வாரத்திலேயே ரூபினி ராத்திரிக் கணக்கை எழுதி முடித்தாள். மகேஸ்வரன் அதை வரி வரியாகப் படித்தான், இரண்டாவது வரிகளையும் சேர்த்து. இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னான். திருத்தினாள். கோத்தா திங்கியில் பிழைத்திருந்த மீன்களுக்காக ராத்திரி முழுக்கச் சக்கரம் சுழன்றது; முஸ்தபா பாய் போன் செய்யவில்லை. அதுவே பெரிய பாராட்டு.

மறுநாள் அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அவளுடைய மாற்றத்தைச் சேர்த்தவன் மகேஸ்வரன். போட்டோ சிரித்தது. ஆனால் சேர்த்த விவரத்தில், இது இணையப் பக்கம் வழியாக நடந்தது என்று பச்சை எழுத்தில் முத்திரை இருந்தது.

நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

"மகேஸ், அங்க தொங்கிட்டு இருந்த எலி எங்க?"

"ஓடிருச்சி."

"பச்சை பட்டன அமுக்குனது யாரு?"

"எலிதான். நான் தடுத்துப் பாத்தேன், கேக்கல." அவன் காது சிவந்திருந்தது. பக்கோடாப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினான். இன்றைக்குப் பாதி இல்லை. முழுசாக இருந்தது.

அப்போது அவள் திரையில் மணி அடித்தது. சரி சொல்லக் கோரி ஒரு புது மாற்றம் வந்திருந்தது. அனுப்பியவர்: சபாபதி. முறைப்படி, இணையப் பக்கம் வழியாக, தன் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு.

மாற்றம் இதுதான். மீன் பண்ணைப் புரோகிராமின் முதல் பக்கத்தில், நடுவில், பெரிதாக, முதலாளி சபாபதியின் கோட் போட்ட போட்டோ. ஏன் அவசியம் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம்.

ரூபினி பொறுமையாக எல்லாவற்றையும் படித்தாள். அவரைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் அவர், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவன் மாதிரி இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்பி அனுப்பு என்ற பட்டனை அமுக்கினாள். காரணம் என்ன என்று அது கேட்டது.

காரணம் கேட்டால் சொல்ல வேண்டியதுதானே? தட்டினாள்.

'துவான், மேற்கண்ட விஷயம் மரியாதையுடன் சுட்டப்படுகிறது. மீன்கள் இப்போதுதான் பயம் தெளிந்து வருகின்றன. போட்டோ வேண்டாம். செக்கியான், தெரிமா காசி.'